காசிலிருந்து இறங்கிய மாடு

வங்கத்துறையில் செங்கணாற்று மணலுக்குள்ளிருந்து மனித முகம் கொண்ட மாடு எழுந்து வந்த அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில், ஊர்க் குழாயில் தண்ணீர் வந்து பதினோரு நாளாகியிருந்தது, ஆற்றில் தண்ணீர் ஓடி ஒன்பது வருடமாகியிருந்தது, ஆற்றின் நடுவே மணல் குத்தகைக்காரர் மாசிலாமணியின் மூன்று பொக்லைன்கள் மட்டும் ஒரு நாளும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தன. யவனர்கள் மிளகுக்காகக் கடல் தாண்டி வந்து, கப்பலை முகத்துவாரத்தில் நிறுத்திவிட்டு, படகில் ஆற்றோடு ஏறி வந்து இறங்கிய துறை அது என்று பள்ளிக்கூடத்துச் சுவரில் எழுதியிருந்தது. அதைப் படித்து வளர்ந்தவர்கள் எல்லாரும் இப்போது மணல் லாரி ஓட்டினார்கள், அல்லது மணல் லாரிக்காரர்களுக்கு டீ விற்றார்கள், அல்லது மணல் லாரிக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள்.

அன்றைக்கு நடுக்குழியில் பொக்லைன் ஓட்டியவன் செவந்தியின் கணவன் வடமலை. ஏழு ஆள் ஆழத்தில் அவனுடைய பக்கெட் ஒரு மண்பானையை இடித்து உடைத்தது. பானைக்குள்ளிருந்து மீன் செதில் போல வெள்ளிக் காசுகள் சரிந்தன. மணல் அள்ளிக்கொண்டிருந்தவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் குழிக்குள் குதித்தார்கள். காசை மடியில் கட்டினார்கள், வாயில் போட்டு அடக்கினார்கள், ஒருவன் கையை இன்னொருவன் மிதித்தான். வடமலையும் வண்டியை அணைக்காமலே இறங்கினான். கட்டைவிரல் நகம் அளவுள்ள அந்தக் காசுகளில் ஒரு பக்கம், தாடி வைத்த ஆணின் முகத்தோடு ஒரு மாட்டின் முன்பாதி நீந்துவது போல இருந்தது. மறுபக்கம், துணியில்லாத ஒருவன் குதிரைமேல் உட்கார்ந்து ஈட்டியை ஓங்கிக்கொண்டிருந்தான்.

காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழியின் அடி மணல் அசைந்தது. முதலில் கொம்புகள் வந்தன, பிறகு நனைந்த தாடி வந்தது, பிறகு முன்னங்கால்கள் வந்தன. "காசுல இருக்கிற மாதிரி முன்பாதி மட்டும்தான் போல" என்று ஒருவன் சொல்லி வாயை மூடுவதற்குள் பின்பாதியும் வந்துவிட்டது. சொன்னவனைத்தான் அது முதலில் குத்தியது. இரண்டாவதாக, சல்லடையைத் தூக்கிக் கேடயம் போலப் பிடித்தவனைச் சல்லடையோடு சேர்த்துக் குத்தியது. மூன்றாவதாக, வண்டிக்குள் ஏறித் தப்பப் பார்த்த வடமலையின் முதுகில் இடது கொம்பை ஏற்றியது. கொம்பு நெஞ்சு வழியே வெளியே வந்தது. அவனை அப்படியே சுமந்துகொண்டு அது குழிச் சரிவில் ஏறி, கரையைத் தாண்டி, செங்கல் சூளையைத் தாண்டி, நியாயவிலைக் கடையைத் தாண்டி, பேருந்து நிறுத்தத்துக்கு வந்து, புல்லுக்கட்டை இறக்குவது போல அவனைச் சிமெண்டுத் தரையில் இறக்கி வைத்தது. பிறகு நிழற்கூரைக்குக் கீழே போய் நின்றது.

செவந்தி ஓடி வந்தபோது வடமலைக்கு உயிர் இருந்தது. அவன் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான். தண்ணீர் என்றான். அவள் நியாயவிலைக் கடைக்கு ஓடினாள், டீக்கடைக்கு ஓடினாள், நிறுத்தத்தை ஒட்டியிருந்த பவுனம்மாவின் வீட்டுக்கு ஓடினாள். எல்லாக் குடமும் கவிழ்ந்து கிடந்தது. பவுனம்மா ஒரு ஈரத்துணியைக் கொண்டுவந்து பிழிந்து பார்த்தாள். அதிலிருந்து சொட்டு விழுவதற்குள் அவன் போய்விட்டான்.

அவன் போன அரை நாழிகைக்குள் மாட்டின் தாடியிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது.

முதலில் சொட்டாக விழுந்தது, பிறகு நூலாக இறங்கியது, வெயில் உச்சிக்கு வந்தபோது கைவிரல் தடிமனில் ஒழுகியது. அதை முதலில் குடித்தது ஒரு நாய். நாய் சாகவில்லை என்று தெரிந்ததும் பவுனம்மா தன் பச்சைக் குடத்தை ஒரு மூங்கிலால் தள்ளித் தள்ளித் தாடிக்குக் கீழே கொண்டுபோய் வைத்தாள். மாடு அவளைப் பார்த்தது, குடத்தைப் பார்த்தது, ஒன்றும் செய்யவில்லை. சாயங்காலத்துக்குள் நிறுத்தத்திலிருந்து அம்மன் கோயில் வரைக்கும் குடங்கள் வரிசையில் நின்றன. நிழற்கூரைக்கு வெளியே மூன்று பாடைகளும் கட்டப்பட்டுக்கொண்டிருந்தன. பாடை கட்டியவர்களும் தண்ணீர் பிடித்தவர்களும் ஒரே ஆட்கள்தான்.

மறுநாள் கால்நடை மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, "கழுத்துக்குக் கீழ நல்லா இருக்கு, கழுத்துக்கு மேல டாக்டரக் கூப்பிடுங்க" என்றார். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் வந்து, முகத்தில் ரத்தசோகை தெரிகிறது, வாயில் இரண்டு சொத்தைப் பல் இருக்கிறது, கழுத்துக்குக் கீழே தனக்குச் சம்பந்தமில்லை என்று எழுதிக் கொடுத்தார். பூசாரி போட்ட மாலையை மாடு தின்றுவிட்டது. தாடியைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டால் தண்ணீர் நேராக விழும் என்று சொன்ன முடிதிருத்துபவரைப் பெண்கள் துடைப்பத்தால் அடித்து விரட்டினார்கள். ஒரு வாரத்துக்குள் மாடு நிற்பதால் பேருந்து பத்தடி தள்ளி நின்றது, அதற்கு 'மாட்டு ஸ்டாப்' என்று பெயரும் வந்துவிட்டது.

எட்டாம் நாள் காரியம் முடிந்ததும் செவந்தி அரிவாளை எடுத்துக்கொண்டு போனாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை, ஆனால் வரிசையும் வழிவிடவில்லை. அவள் குடங்களைக் காலால் உதைத்துக்கொண்டு முன்னே போய் மாட்டின் முகத்துக்கு நேரே நின்றாள். அந்த முகத்தைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் செத்துப்போன யாரையாவது அதில் கண்டிருந்தார்கள். செவந்திக்கு அது யாருடைய முகமாகவும் தெரியவில்லை. பல்வலியோடு வெயிலில் நிற்கும் ஒரு வயசாளியின் முகமாகத்தான் இருந்தது. அவள் அரிவாளை ஓங்கினாள்.

"அடியே செவந்தி, செத்த இரு," என்று பின்னாலிருந்து பவுனம்மா அவள் கையைப் பிடித்தாள். "கீழத்தெருவுக்கு இன்னும் தண்ணி பிடிக்கல. பிள்ளைங்க ராவெல்லாம் நாக்கு வறண்டு கிடந்துச்சுங்க. அப்புறமா வெட்டு."

"எம் புருசனக் கொன்னதோட எச்சித் தண்ணியடி அது."

"எச்சியோ என்னவோ, ருசியா இருக்கு."

செவந்தி அரிவாளோடு திரும்பிப் போனாள். அந்த நாளிலிருந்து அவள் தினமும் விடிந்ததும் கிளம்பி மூன்று மைல் நடந்து நெய்க்காரன்பட்டிக் கிணற்றில் ஒரு குடம் கலங்கல் தண்ணீர் எடுத்து வந்தாள். அதைத்தான் குடித்தாள், அதில்தான் சமைத்தாள். வடமலையின் தம்பி நீலமேகம், மணல் லாரி ஓட்டியவன், அண்ணன் வீட்டிலேயே வளர்ந்தவன், அவனும் அவள் முன்னால் அந்தக் கலங்கல் தண்ணீரையே குடித்தான். தெருவுக்குப் போய்விட்டு வரும்போது மட்டும் அவன் மீசை ஓரம் சுத்தமான தண்ணீரில் நனைந்திருக்கும். அவள் பார்த்தும் பார்க்காதது போல இருந்துகொண்டாள்.

காசுகளைப் பற்றிச் சொன்னவர் கோமதிநாயகம். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார், பழங்காசு சேர்ப்பவர். ஊரில் பாதி வீட்டில் இப்போது அந்தக் காசு இருந்தது. எல்லாரும் அவரிடம் கொண்டுவந்து காட்டினார்கள். லென்சை வைத்துப் பார்த்தவர் முதல் காசைத் திருப்பினார், இரண்டாவதைத் திருப்பினார், இருபத்து மூன்றையும் திருப்பிப் பார்த்தார். குதிரைக்காரன் இருந்தான். மாடு இருந்த பக்கம் எல்லாக் காசிலும் நாக்கால் நக்கித் தீர்த்தது போல வழவழவென்று இருந்தது.

"இது கெலாங்கிற ஊரோட காசு," என்றார். "சிசிலித் தீவுல, கடலோரத்துல இருந்த கிரேக்கக்காரங்க ஊரு. தானியம் ஏத்தி வித்துப் பிழைச்ச ஊரு. ஆத்தோட பேரத்தான் ஊருக்கு வச்சாங்க. காசு அடிக்கிறப்ப ஆத்துக்கும் ஒரு முகம் வேணுமில்ல? மாட்டு உடம்பு, ஆம்பள முகம். மாடு மாதிரி முட்டும், மாடு மாதிரி கத்தும், அதனால."

"அப்ப இது அவங்க ஆறா, நம்ம ஆறா?" என்று கேட்டாள் பவுனம்மா.

"ரெண்டாயிரத்து ஐந்நூறு வருசமா நம்ம மணல்ல கிடந்திருக்கு. இனிமே யாரோடதுன்னு கேட்டு என்ன பண்ண?"

"இந்தக் குதிரைக்காரன் யாரு?"

"தெரியாதும்மா. காவல்காரனா இருக்கலாம். ரெண்டு பேரும் இத்தன காலமா முதுகோட முதுகு ஒட்டிக்கிட்டு இருந்திருக்காங்க. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்ததில்ல." அவர் லென்சைக் கீழே வைத்தார். "ஒருத்தர் இறங்கியாச்சு."

அன்றிலிருந்து வங்கத்துறையில் விடிந்ததும் எல்லாரும் செய்த முதல் வேலை, காசை எடுத்துக் குதிரைக்காரன் இன்னும் இருக்கிறானா என்று பார்ப்பதுதான். சமையல் அறையில் பார்த்தார்கள், கோயில் நடையில் பார்த்தார்கள், வரிசையில் நின்றுகொண்டே பார்த்தார்கள். இருக்கிறான் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். எங்கோ ஒரு மோட்டார் சைக்கிள் உறுமினால் குளம்புச் சத்தம் என்று நினைத்துக் கதவைச் சாத்தினார்கள்.

மாடு யாரையும் தானாகப் போய் முட்டவில்லை. ஆற்றில் பொக்லைன் சத்தம் கேட்டால் மட்டும் அதன் காது விடைக்கும். உடனே குடங்களை மிதித்துக்கொண்டு ஆற்றுக்கு ஓடும், இயந்திரத்தைக் கவிழ்க்கும், கண்ணாடியை உடைத்து உள்ளே இருப்பவனை இழுத்துப் போட்டு மிதிக்கும். பிறகு கொம்பில் ரத்தத்தோடு நடந்து வந்து பழைய இடத்தில் நிற்கும். அது வந்து நின்றதும் வரிசையும் விட்ட இடத்திலிருந்து நகரும். அப்படி மூன்று வாரத்துக்குள் இன்னும் நாலு பேர் செத்தார்கள். மாசிலாமணி இயந்திரங்களை நிறுத்தினார். லாரிகள் நின்றன. வேலையில்லாத ஆண்கள் வரிசையில் வந்து நிற்கத் தொடங்கினார்கள். அதன் பிறகுதான் வரிசையில் சண்டை வந்தது.

மேலத்தெருக் குடத்துக்கு முன்னால் கீழத்தெருக் குடம் வைக்கப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, கைப்பம்பின் இரும்புக் கம்பியைப் பிடுங்கி ஒருவன் இன்னொருவன் மண்டையில் போட்டான். செத்தவனின் அண்ணன் வீட்டுக்குப் போய்க் கடப்பாரையோடு வந்து அடித்தவனின் வயிற்றில் இறக்கினான். அரைமணி நேரத்தில் கீழத்தெருவில் ஆறு கூரைகள் எரிந்தன. தீயை அணைக்கத் தண்ணீர் வேண்டும் என்று மாட்டிடம் ஓடி வந்தார்கள். அங்கே வரிசை பிசகக்கூடாது என்று அதற்கும் அடித்துக்கொண்டார்கள். கீழே ஓடிய ரத்தம் குளம்பைத் தொட்டபோது மாடு ஓர் அடி பின்னால் நகர்ந்தது. முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டது.

இரண்டு பிணமும் எரிந்த மறுநாள் மாசிலாமணி ஊர்க்கூட்டம் போட்டார். வெள்ளை வேட்டி, ஒல்லி உடம்பு, யாரையும் அதட்டாத மெல்லிய குரல்.

"குதிரைக்காரன் வந்தே தீருவான்," என்றார். "அவன் அந்நிய ஆளு. வந்தா மாட்ட மட்டும் குத்திட்டுப் போவானா, நம்மளையும் சேத்துக் குத்துவானா, யாருக்குத் தெரியும்? அவன் இறங்குறதுக்கு முன்னாடி நம்ம ஆளே ஒருத்தன் குதிரைக்காரனா ஏறிட்டா வேல முடிஞ்சிது. காசுல எப்படி இருக்கோ அப்படியே."

"தண்ணிக்கு என்ன செய்யிறது?" என்றாள் பவுனம்மா.

"தினம் நாலு டேங்கர் லாரி விடுறேன். வீட்டு வாசலுக்கு வரும். வரிசையே கிடையாது."

வரிசையே கிடையாது என்ற சொல்லைக் கேட்டதும் கூட்டம் தலையாட்டியது. யார் ஏறுவது என்று பேச்சு வந்தபோது எல்லாக் கண்ணும் நீலமேகத்தின் பக்கம் திரும்பியது. அண்ணனைப் பறிகொடுத்தவன், இருபத்து நாலு வயது, காசில் இருக்கிறவன் போலவே அகன்ற தோள். காசில் இருக்கிறவனுக்குத் துணி இல்லை என்பதில்தான் நீண்ட வாக்குவாதம் நடந்தது.

"டவுசர் போட்டுக்கிறேன்," என்றான் நீலமேகம்.

"காசுல டவுசர் இல்லப்பா," என்றார்கள் பெரியவர்கள்.

அவன் வீட்டுக்கு வந்து செவந்தியின் எதிரே தரையில் உட்கார்ந்தான். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, நீங்க ஏறுன்னா ஏறுறேன். வேணாம்னா வேணாம்."

அவள் முறத்தைக் கீழே வைக்காமலே சொன்னாள். "ஏறு. முதுகுல பூந்து நெஞ்சுல வந்துச்சு உங்கண்ணனுக்கு. அதே மாதிரி இறக்கு."

"பயமா இருக்கு அண்ணி."

"எனக்கும்தான். ஏறு."

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஏறினான். குதிரை பக்கத்து ஊரிலிருந்து வந்தது. கல்யாண ஊர்வலத்துக்கு மாப்பிள்ளையைச் சுமக்கிற வெள்ளைப் பெட்டைக் குதிரை, பேண்டு வாத்தியம் கேட்டால்தான் நடக்கும். அதனால் பேண்டு செட்டும் வந்தது. பொக்லைனின் பழைய இரும்பு ராடை வெல்டிங் கடையில் கூராக்கி ஈட்டி செய்திருந்தார்கள். பெண்கள் திரும்பி நிற்க வேண்டும் என்று சொல்லப்பட்டது, ஒருத்தியும் திரும்பவில்லை. உடம்பு முழுவதும் எண்ணெய் மினுங்க, கல்யாணப் பாட்டுக்குத் தலையாட்டி நடந்த குதிரைமேல் நீலமேகம் ஈட்டியை ஓங்கிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு வந்தான். வீட்டு மாடிகளிலும் நின்றுபோன லாரிகளின் மேலும் ஊர் முழுக்க ஏறி நின்றது.

மாடு தலையை நிமிர்த்திக் குதிரையைப் பார்த்தது, குதிரைமேல் இருந்தவனைப் பார்த்தது. வெகுகாலமாகப் பேர் மட்டும் தெரிந்து முகம் தெரியாத ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தது. அதன் தாடியிலிருந்து ஒழுகிய தண்ணீர் நின்றது. பிறகு அது ஓடி வந்தது.

குதிரையின் வயிற்றில் ஏறிய கொம்பு விலா வரைக்கும் கிழித்தது. குடல் சரிந்து முழங்காலில் சுற்றிக்கொள்ள, குதிரை இரண்டு அடி நடந்து விழுந்தது. பேண்டுக்காரர்கள் வாத்தியங்களைப் போட்டுவிட்டு ஓடினார்கள். நீலமேகத்தின் ஒரு கால் குதிரைக்கு அடியில் சிக்கி எலும்பு முறியும் சத்தம் மாடியில் நின்றவர்களுக்கும் கேட்டது. ஈட்டி உருண்டு சாக்கடையில் விழுந்தது. மாடு நிதானமாக வந்து அவனுக்கு மேலே நின்று, இடது கொம்பை அவன் நெஞ்சின் மேல் வைத்தது. அழுத்தவில்லை. வைத்துப் பார்த்தது.

கூட்டத்தில் யாரும் அசையவில்லை. செவந்திதான் ஓடினாள். அவள் கையில் ஒன்றும் இல்லை. அவள் அந்த இடது கொம்பை, தன் கணவனின் உடம்புக்குள் போய் வந்த கொம்பை, இரண்டு கையாலும் பிடித்து, காலை அதன் கழுத்தில் ஊன்றி, முழு உடம்பையும் பின்னால் சாய்த்து இழுத்தாள். எத்தனையோ நூறு வருடம் ஈர மணலில் ஊறிய கொம்பு, வாழைத்தண்டு முறிவது போல அடியோடு முறிந்து அவள் கையோடு வந்தது. வேரிலிருந்து பீறிட்ட ரத்தம் அவள் கண்ணை மறைத்தது.

மாடு அலறியது. அதுவரை அது ஒரு சத்தமும் போட்டதில்லை. அது மாட்டின் அலறல் இல்லை. விரல் கதவிடுக்கில் சிக்கிய மனிதன் ஐயோ என்பது போன்ற அலறல், பக்கத்து வீட்டில் தினமும் கேட்கிற அலறல். அதைக் கேட்டதும் வங்கத்துறை முழுவதற்கும் ஒரே சமயத்தில் புரிந்துவிட்டது, இதற்கு வலிக்கும், இதை அடிக்கலாம்.

மாடிகளிலிருந்து இறங்கினார்கள். லாரிகளிலிருந்து குதித்தார்கள். கல்லோடு வந்தார்கள், கடப்பாரையோடு வந்தார்கள், உலக்கையோடு வந்தார்கள், டயர் கழற்றும் லிவரோடு வந்தார்கள். மேலத்தெருவும் கீழத்தெருவும் தோளோடு தோள் உரசிக்கொண்டு வந்தன. முதல் நாள் குடம் வைத்த பவுனம்மா அம்மிக்குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தம்பிக்குக் கொள்ளி வைத்தவன் அடித்தான், கூரை எரிந்தவன் அடித்தான், கூரையை எரித்தவனும் அடித்தான். ஒரு மாதமாக அதன் தண்ணீரில் குழந்தையைக் குளிப்பாட்டியவர்கள், கஞ்சி வைத்தவர்கள், சாமிக்கு அபிஷேகம் செய்தவர்கள் எல்லாரும் அடித்தார்கள். முன்னங்கால் முறிந்து அது மண்டியிட்டது, பிறகும் அடித்தார்கள். முதுகெலும்பு உடைந்து பக்கவாட்டில் சரிந்தது, பிறகும் அடித்தார்கள். மாசிலாமணி மட்டும் எதிரே ஸ்டுடியோ வாசலில் நின்று வேட்டியில் ரத்தம் தெறிக்காமல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் கோமதிநாயகம் கதவைச் சாத்திக்கொண்டார்.

செவந்தி நீலமேகத்தைக் குதிரைக்கு அடியிலிருந்து இழுத்துச் சுவரோரம் போட்டுவிட்டுத் திரும்பியபோது அதன் முகத்தைத்தான் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் கூட்டத்துக்குள் புகுந்து அந்த முகத்தின்மேல் விழுந்தாள்.

"போதும்டி! விடுங்கடா! எம் புருசனக் கொன்னது, நானே போதுங்கிறேன், விடுங்கடா!"

யாருக்கும் கேட்கவில்லை. ஒரு லிவர் அவள் வலது கையில் இறங்கியது. முழங்கைக்குக் கீழே கை தனியாகத் தொங்கியது. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் அடிகள் விழுந்தன. பிறகு கைகள் ஓய்ந்தன. மூச்சு வாங்கிக்கொண்டு எல்லாரும் ஓர் அடி பின்னால் நின்றார்கள்.

மாட்டின் உதடு அசைந்தது. யாருக்கும் தெரியாத மொழியில் அது ஒரே ஒரு சொல்லைச் சொன்னது. கோமதிநாயகம் இருந்திருந்தாலும் அவருக்கும் புரிந்திருக்காது. ஆனால் செவந்திக்கு அந்த வாயின் கோணல் தெரியும். அதே இடத்தில், அதே சிமெண்டுத் தரையில், ஒரு மாதத்துக்கு முன்னால் அவள் அதைப் பார்த்திருந்தாள்.

அவள் எழுந்து பவுனம்மாவின் வீட்டுக்குள் போனாள். அடுப்படியில் பச்சைக் குடம் நிறைந்திருந்தது, காலையில் பிடித்தது. இடது கையால் சொம்பை முக்கி எடுத்து வந்து, மண்டியிட்டு, உடைந்த பற்களுக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். அது தன் தண்ணீரைத் தானே இரண்டு மிடறு குடித்தது. மூன்றாவது மிடறு கடைவாய் வழியாக வெளியே வந்தது. கண் அவளைப் பார்த்தபடியே நின்றுவிட்டது.

சொம்பில் பாதி மீதி இருந்தது. செவந்தி அதைக் குடித்தாள். பவுனம்மா சொன்னது உண்மைதான், ருசியாகத்தான் இருந்தது. குடித்து முடித்த பிறகுதான் அவள் வடமலைக்காக முதன்முதலாக வாய்விட்டு அழுதாள்.

மத்தியானத்துக்குள் மாட்டின் உடம்பு தளர்ந்து தளர்ந்து மணலாக உதிர்ந்தது. வாலும் குளம்பும் திமிலும் மீதிக் கொம்பும் உதிர்ந்து, வெளுத்த பரும்படி மணலாக இரண்டு லாரி அளவுக்குக் குவிந்தது. மணலுக்கு மேலே தலை மட்டும் தலையாகவே இருந்தது. தாடி வைத்த, அறுபது வயது மதிக்கத்தக்க, முகம் சிதைந்த ஓர் ஆணின் தலை. மூன்று மணிக்கு மாசிலாமணியின் லாரி வந்தது. "நல்ல மணலு, சலிக்கவே வேணாம்" என்று சொல்லிக்கொண்டே அள்ளினார்கள். தலையைத் தொட மட்டும் யாரும் துணியவில்லை. அதை ஒரு கூடையால் மூடிவிட்டுப் போனார்கள்.

அன்று காசைப் பார்த்தவர்கள் இரண்டு பக்கமும் வழவழவென்று இருப்பதைக் கண்டார்கள். குதிரைக்காரன் போய்விட்டிருந்தான். அதைக் கண்டதும் ஊருக்குப் பெரிய ஆறுதல் வந்தது. குதிரைக்காரன் வந்தான், மாட்டைக் கொன்றான், போய்விட்டான் என்று முதலில் யார் சொன்னது என்று தெரியவில்லை. மறுநாள் எல்லாரும் அதையே சொன்னார்கள். கடப்பாரை பிடித்துக் கையில் கொப்புளம் வந்தவர்களும் அதில் எண்ணெய் தடவிக்கொண்டே அதைச் சொன்னார்கள். மூன்றாம் நாள் சொன்னவர்கள் குதிரைக்காரனின் நிறத்தையும் உயரத்தையும் சேர்த்துச் சொன்னார்கள்.

நாலாம் நாள், பேருந்தில் போன யாரோ கூடையைத் தூக்கித் தலையைப் படம் எடுத்ததால், வெளியூரிலிருந்து இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார். பஞ்சாயத்து அலுவலகத்தில் மேசை போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார். யார் இந்த ஆள்? தெரியாது. யார் கொன்றது? குதிரைக்காரன். அவன் எங்கே? போய்விட்டான். ஆதாரம்? வழவழத்த காசுகளை மேசையில் வைத்தார்கள். மத்தியானத்துக்குள் எழுபது பேர் ஒரே வாக்குமூலத்தைச் சொல்லி முடித்திருந்தார்கள். எழுத்தர் கடைசியில் கேட்காமலே எழுதத் தொடங்கியிருந்தார்.

கடைசியாகச் செவந்தியைக் கூப்பிட்டார்கள். கட்டுப் போட்ட கையோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே ஊர் முழுவதும் நின்றிருந்தது.

"நீயும் குதிரைக்காரனப் பாத்தியாம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர் களைப்போடு.

"குதிரைக்காரன்னு யாரும் இல்ல சார். நாங்கதான் கொன்னோம்."

எழுத்தரின் பேனா நின்றது.

"பேரு சொல்றேன், எழுதிக்குங்க. மொதல்ல என் பேரு. செவந்தி, வடமலை சம்சாரம். கொம்ப ஒடிச்சவ நான். ரெண்டாவது மாசிலாமணி. கையால அடிக்கல, ஆனா எழுதிக்குங்க. மூணாவது, மேலத்தெரு தணிகாசலம், கடப்பாரை. நாலாவது, அவர் மச்சான் குப்பண்ணன், உலக்கை…"

அவள் குரலை உயர்த்தவில்லை. வரிசையில் நின்ற முகங்களை வரிசையாகவே ஞாபகம் வைத்திருந்தாள். வெளியே முணுமுணுப்பு எழுந்தது, பிறகு கத்தல் எழுந்தது. பதினேழாவது பேரில் முதல் கல் ஜன்னல் கம்பியில் பட்டது. இருபத்தொன்றாவது பேரில் ஒரு கல் உள்ளே வந்து மேசை விளிம்பைப் பெயர்த்தது. இன்ஸ்பெக்டர் எழுந்து போலீஸ்காரரைக் கூப்பிட்டார். போலீஸ்காரர் இரண்டே பேர், அவர்களும் வாசலை விட்டு நகரவில்லை. செவந்தி நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போது நீலமேகம் வந்தான். மாவுக்கட்டுப் போட்ட காலை இழுத்துக்கொண்டு, ஒரு கழியை ஊன்றிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து உள்ளே வந்து, ஜன்னலுக்கும் அண்ணிக்கும் நடுவே முதுகைக் காட்டி நின்றான்.

"அண்ணி, என் பேர விட்டுட்டீங்க."

"நீ அடிக்கலயே தம்பி. நீ கீழ கிடந்த."

"குத்தத்தான அண்ணி ஏறுனேன். எழுதச் சொல்லுங்க."

அவன் பேர் எழுதப்பட்டது. ஒரு கல் அவன் தோள்பட்டையில் விழுந்தது. அவன் முகம் சுளித்தான், இடம் மாறவில்லை. செவந்தி அடுத்த பேரைச் சொன்னாள்.

"பவுனம்மா. அம்மிக்குழவி."

கூட்டத்தின் முன்வரிசையில், கையில் அரைச் செங்கல்லை ஓங்கியபடி பவுனம்மா நின்றிருந்தாள். மூன்று நாளாக டேங்கர் லாரி எதுவும் வரவில்லை. அவள் உதடு வெடித்திருந்தது. அவள் செவந்தியைப் பார்த்தாள், எழுத்தரைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள்.

"ஆமாடி," என்று கத்தினாள். "அடிச்சேன். மூஞ்சியில அடிச்சேன். மூணு தடவ." செங்கல்லை எங்கே வைப்பது என்று தெரியாதவள் போல அதை இடுப்பில் குழந்தையைப் போல இடுக்கிக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் ஜன்னலோரம் வந்து கம்பி வழியாக அவளைப் பார்த்தார்.

"புருசன் பேரு சொல்லும்மா," என்றார்.

பவுனம்மா சொன்னாள். அவளுக்குப் பின்னால் நின்ற ஒருவன், தன் முறை வருவதற்காக, ஓர் அடி முன்னால் நகர்ந்தான்.